விழுக்காடும் வாழ்க்கைப்பாடும்

நெல்லை வள்ளத்தால் அளந்தனர் கொங்கு நாட்டார். துணியை முழத்தால் அளந்தனர். பொன்னைக் குன்றிமணியால் நிறுத்தனர். பொருளுக்கேற்ற அளவுகோல் வேண்டும் என்பதை எந்தப் பள்ளியும் அவர்களுக்குக் கற்பிக்கவில்லை, வாழ்க்கை கற்பித்தது. நெல்லை முழம் போட வந்தவனைக் கண்டால் களத்துமேடே கைகொட்டிச் சிரித்திருக்கும். ஆனால், ஒரு மனிதன் அன்றாடம் படும் இடர்ப்பாட்டை அளக்க நாம் இன்று எடுக்கும் கோல் எது? அது பொருளுக்கேற்ற கோல்தானா? இந்த வினாவை எழுப்ப வேண்டிய காலம் வந்துவிட்டது.

அளக்கவே தேவையில்லை என்றிருந்த காலமும் ஒன்று உண்டு. கால் வளைந்து பிறந்த குழந்தையைக் கண்டால், ‘முன்வினைப் பயன்’ என்று ஒரு பெருமூச்சு விட்டுக் கணக்கை முடித்துக்கொண்டது பழைமை. வினை என்று சொல்லிவிட்டால் விடை தேட வேண்டியதில்லை அல்லவா! கோயில் வாயிலில் ஒரு காசு விழுந்தால், போட்டவனுக்குப் புண்ணியம். பெற்றவனுக்கோ மறுநாளும் அதே வாயில், அதே வெயில். அந்த இருளிலிருந்து இரக்கத்துக்கு வந்தோம். இரக்கத்திலிருந்து உரிமைக்கு வந்தோம். 1995ஆம் ஆண்டுச் சட்டம் ஏழு வகைக் குறைபாடுகளை ஏற்றது. 2016ஆம் ஆண்டு இயற்றப்பட்டு 2017 ஏப்ரலில் நடைமுறைக்கு வந்த மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் அவற்றை 21 வகைகளாக விரித்தது. அரசுப் பணியில் 4 விழுக்காடும் உயர்கல்வியில் 5 விழுக்காடும் இடம் ஒதுக்கிற்று. கலைஞர் ஆட்சியில் ‘ஊனமுற்றோர்’ என்னும் சொல் அரசேட்டிலிருந்து இறங்கி, ‘மாற்றுத்திறனாளி’ என்னும் சொல் ஏறிற்று. 2010இல் அவர்களுக்கெனத் தனித்துறையும் பிறந்தது. இவை யாவும் போராடிப் பெற்ற பேறுகள். மறுப்பாரில்லை.

பெயர் மாறிற்று, சட்டம் மாறிற்று, வகைகள் பெருகின. ஆனால், 1995இல் இட்ட 40 விழுக்காடு என்னும் கோடு மட்டும் இருந்த இடத்திலேயே நிற்கிறது. இட ஒதுக்கீடு முதலிய பல உதவிகளின் வாயிலில் அந்தக் கோடுதான் காவற்காரன். உரிமை சட்டத்தில் பிறக்கிறது. ஆனால், அது வாழ்வதும் வாடுவதும் அளவுகோலின் கையில் இருக்கிறது.

உடலை விழுக்காட்டால் அளக்கும் பழக்கம் நேற்றுத் தோன்றியதன்று. கோவைக்கு அது புதியதும் அன்று. 1888இல் இந்நகரில் முதல் நூற்பாலை எழுந்தது. அதன் பின் ஆலைகள் பெருகின. எந்திரம் பெருகிய இடத்தில் விரலிழந்தோரும் பெருகினர். 1923இல் வந்த தொழிலாளர் இழப்பீட்டுச் சட்டம், எந்த உறுப்பை இழந்தால் ஈட்டும் திறனில் எத்தனை விழுக்காடு போயிற்று என்று அட்டவணை வகுத்தது. திருத்தங்களுக்குப் பின் அந்த அட்டவணையில், கட்டைவிரல் போனால் 30. ஒரு கையின் நான்கு விரல்களும் போனால் 50! விரலை இழந்தும் வெறுங்கையோடு வீடு திரும்பிய தொழிலாளிக்கு அந்த அட்டவணை ஓர் அரண். அதை நாம் இகழமாட்டோம். ஆயினும் அது எதை அளந்தது என்பதை மறக்கலாகாது. ஆலைக்கு அவன் எவ்வளவு பயன்படுவான் என்பதை அளந்தது. அவனுடைய வீட்டில் அவனுக்கு எவ்வளவு கைத்துணை வேண்டும் என்பதை அளக்கவில்லை. ஈட்டும் திறனுக்கு ஒரு கோல். வாழும் நாளுக்கு வேறொரு கோல். முன்னதைக் கொண்டு பின்னதை அளந்தால், நெல்லை முழம் போட்ட கதைதான்.

இருவருக்கு ஒரே 60 விழுக்காடு என்று வைத்துக்கொள்வோம். ஒருவர் காந்திபுரத்தில் தரைத்தள வீட்டில் வாழ்கிறார். வாயிலில் பேருந்து, வீட்டுக்குள் கழிப்பறை, ஊன்றிக்கொள்ளக் கைப்பிடி. மற்றவர் பொள்ளாச்சிக்கு அப்பால் தோட்டத்துச் சாளையில் வாழ்கிறார். பேருந்து நிற்கும் இடத்துக்கு ஒரு கல் தொலைவு மண்பாதை. கழிப்பறை வீட்டுக்குப் பின்னால், மூன்று படி இறங்கி. சான்றிதழில் இருவரும் ஒன்று. நாளில் இருவரும் ஒன்றா? எண் உடலைப் பார்த்தது. வீட்டைப் பார்க்கவில்லை, வழியைப் பார்க்கவில்லை.

கணக்கின் இன்னொரு விந்தையையும் பாருங்கள். ஒருவருக்கு இரண்டு குறைபாடுகள் இருந்தால், அரசு வழிகாட்டு நெறி ஒரு வாய்பாடு தருகிறது. பெரிய எண்ணை 90இலிருந்து கழித்து, மிச்சத்தைச் சிறிய எண்ணால் பெருக்கி, 90ஆல் வகுத்து, வருவதைப் பெரிய எண்ணோடு கூட்ட வேண்டும். ஒன்று 60, மற்றொன்று 30 என்றால் கூட்டுத்தொகை 90 அன்று; 70தான். நூறைத் தாண்டாதிருக்க ஒரு வழி வேண்டும் என்பது விளங்குகிறது. ஆனால் வாழ்க்கை அந்த வாய்பாட்டைப் படித்ததில்லையே! பார்வை குன்றியவர் செவியை நம்பி நடக்கிறார். செவி குன்றியவர் விழியை நம்பி வாழ்கிறார். இரண்டும் குன்றியவர் எதை நம்புவது? தாளில் இரண்டு குறைகள் சேர்ந்தால் கூட்டலினும் குறைகிறது. நாளில் இரண்டும் சேர்ந்தால் பெருக்கலாய்ப் பெருகுகிறது.

ஏட்டில் படித்ததை மட்டும் வைத்துக்கொண்டு இதை எழுதவில்லை. நாம் பாடம் சொல்லும் வகுப்பில் ஒரு சிறுவன் இருக்கிறான், வயது பன்னிரண்டு, விசைத்தறியின் ஓசை இரவும் பகலும் ஓயாத ஊர் அவனுடையது. பிறப்பின்போது மூளையில் நேர்ந்த பாதிப்பால் கையும் காலும் சொன்னபடி கேட்பதில்லை. அறிவோ, கணக்கில் நம்மையே மடக்கும் அறிவு. சான்றிதழைப் புதுப்பிக்கும் நாளில் அவனோடும் அவன் தாயோடும் நாமும் சென்றிருந்தோம். நீண்ட வரிசை. மருத்துவர் இனியவர், அவரைக் குறை கூறுவதற்கில்லை. முழங்காலை மடக்கிப் பார்த்தார்; கையை நீட்டச் சொன்னார்; பிறகு தாயைக் கேட்டார்:

“பையன் தானே சாப்பிடுவானா?”

“நல்லாச் சாப்புடுவானுங்க, சாமி!” என்றார் தாய். குரலில் பெருமை.

“சட்டை?”

“அவனே போட்டுக்குவானுங்க.”

எழுதப்பட்டது. அடுத்தவர் அழைக்கப்பட்டார். எல்லாம் சில நிமிடங்களில் முடிந்தது.

தாய் சொன்னது பொய்யா? அன்று, ஒவ்வொரு சொல்லும் உண்மை. அவன் தானே உண்பான். ஆனால் முக்கால் மணி நேரம் ஆகும், கால் பங்கு சட்டையில் சிந்தும், நீர் புரையேறாமல் பார்த்துக்கொள்ள ஒருவர் அருகிருக்க வேண்டும். அவனே சட்டை போட்டுக்கொள்வான். பொத்தான்கள் மட்டும் தங்கையின் வேலை. ‘முடியுமா?’ என்று கேட்டால் ‘முடியும்’ என்பதே விடை. விடையில் பிழையில்லை, தோழர்களே, வினாவில்தான் பிழை.

அந்தப் பெருமையை எண்ணிப் பாருங்கள். பத்துப் பேர் பார்த்திருக்க, பிள்ளையும் கேட்டிருக்க, ‘என் மகனால் ஆகாது’ என்று சொல்ல எந்தத் தாய்க்கு நா எழும்? பன்னிரண்டு ஆண்டுகளாய் ‘உன்னால் முடியும் கண்ணு’ என்று சொல்லிச் சொல்லி வளர்த்த நாவல்லவா அது! ‘முடியாது’ என்றால் உதவி கிடைக்கும். ‘முடியும்’ என்றால் மானம் நிற்கும். இரண்டில் ஒன்றை விட்டுவிடு என்கிறது இன்றைய முறை. உதவி பெறுவதற்காகத் தன்மானத்தை அடகு வைக்கச் சொல்லும் எந்த ஏற்பாடும், அது எவ்வளவு நல்ல நோக்கத்தோடு பிறந்திருந்தாலும், திருத்தப்பட வேண்டிய ஏற்பாடே. ‘உன்னால் முடியாதது எது?’ என்று கேளாமல், ‘எந்தத் துணை இருந்தால் உன்னால் முடியும்?’ என்று கேட்டிருந்தால் அந்தத் தாய் ஒரு மணி நேரம் பேசியிருப்பார். தலையும் நிமிர்ந்தே இருந்திருக்கும்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். அச்சிறுவன் பள்ளி நாட்களில் காலை முதல் மாலை வரை தண்ணீர் அருந்துவதில்லை. வீட்டிலிருந்து கொண்டுவரும் புட்டி நிறைந்தபடியே திரும்பும். ஏன் என்று கேட்டோம். “தண்ணி குடிச்சா ஒன்னுக்குப் போகணும் சார். யாரையாச்சும் கூப்புடணும்” என்றான். நம் கோடையில், நம் வெயிலில், நாவறண்டு அமர்ந்திருக்கிறது ஒரு பிள்ளை! அன்றாடச் செயல்களைப் பத்தாகப் பகுத்து மதிப்பெண் இடும் பார்தெல் அட்டவணை என்று ஒன்று உண்டு. 1965இல் அமெரிக்காவில் வெளியானது. மருத்துவமனைகளில் இன்றும் புழங்குவது. சிறுநீரை அடக்கும் ஆற்றல் என்பது அதில் ஒரு வினா. அந்த வினாவில் நம் சிறுவனுக்கு முழு மதிப்பெண் கிடைக்கும்! தாகத்தால் வாங்கிய மதிப்பெண் அது என்பதை எந்தக் கட்டம் காட்டும்?

உலகம் இதைப் பற்றிச் சிந்திக்காமல் இல்லை. நீராடல், உடுத்தல், கழிப்பறைக்குச் செல்லல், எழுந்து இடம் மாறல், கழிவை அடக்கல், உண்ணல் என ஆறு செயல்களைக் கொண்டு முதியோரின் நாளை அளந்தார் காட்சு என்னும் மருத்துவர், 1963இல். உலக நல்வாழ்வு நிறுவனம் 2001இல் ஒரு பெரிய திருப்பத்தைச் செய்தது: இயலாமை என்பது உடலில் மட்டும் இல்லை; உடலும் சூழலும் சந்திக்கும் இடத்தில் இருக்கிறது என்று அறிவித்தது. படி இருக்கும் இடத்தில் சக்கர நாற்காலிக்காரர் இயலாதவர். சாய்தளம் இருக்கும் இடத்தில் அவரே இயன்றவர். அப்படியானால் ஊனம் காலிலா, கட்டடத்திலா? அந்நிறுவனம் 2010இல் வெளியிட்ட வினாத்தாள், கடந்த 30 நாட்களில் பட்ட இடர் என்ன என்று கேட்கிறது; நடமாட்டம், தன்னைப் பேணல் ஆகியவற்றோடு, பிறரோடு பழகுதலையும் ஊர் வாழ்வில் பங்கு பெறுதலையும் சேர்த்துக் கேட்கிறது.

நம் நாட்டிலும் வித்து இல்லாமற் போகவில்லை. மனநோயால் வரும் இயலாமையை அளக்க இந்திய மனநல மருத்துவர் சங்கம் உருவாக்கிய அளவுகோல், தன்னைப் பேணுதல், பிறரோடு பழகுதல், பேசிப் புரிந்துகொள்ளுதல், வேலை என நான்கு துறைகளில் அன்றாட வாழ்வையே பார்க்கிறது. மனத்துக்கு ஆன இந்த நீதி கைகாலுக்கு ஏன் முழுமையாய் ஆகவில்லை?

பிரிட்டனில் 2013இல் வந்த உதவித்தொகை முறை அன்றாட வாழ்வில் பத்துச் செயல்களையும் நடமாட்டத்தில் இரண்டையும் எடுத்துக்கொண்டு புள்ளியிடுகிறது. அதில் நாம் கற்கத்தக்க ஒரு நெறி உண்டு. ஒரு செயலைச் செய்ய முடியும் என்றால், ஆபத்தின்றிச் செய்ய முடிய வேண்டும்; ஏற்கத்தக்க அளவில் செய்ய முடிய வேண்டும்; வேண்டும்போதெல்லாம் திரும்பச் செய்ய முடிய வேண்டும்; நியாயமான நேரத்துக்குள் செய்ய முடிய வேண்டும். இந்த நான்கில் ஒன்று தவறினாலும் ‘முடியும்’ என்று எழுதலாகாது. நம் சிறுவனின் உணவுத் தட்டின் முன் இந்த நான்கு வினாக்களையும் வைத்துப் பாருங்கள்; உண்மை உடனே வெளிவரும். எனினும், கற்கக்கூடாததும் அங்கே உண்டு. கேட்பவர் அவசரத்தில் கேட்டார்; புள்ளிக்கணக்கு மற்றொரு விழுக்காடாய் மாறிற்று; மறுக்கப்பட்டு மேல்முறையீட்டு மன்றம் வரை சென்றவர்களில் பாதிக்கு மேற்பட்டோர் வென்றனர். நல்ல கோலும் பரபரப்பான கையில் கோணிவிடும் என்பதே அதன் பாடம்.

நாம் ஒன்று செய்தோம். நாற்பது பக்க நோட்டு ஒன்றை எடுத்து, ‘நாளேடு’ என்று பெயரிட்டு, அந்தத் தாய் சொல்லச் சொல்ல ஒரு வாரம் எழுதினோம். என்ன செயல், எந்த நேரம், யார் துணை, எத்தனை நிமிடம், துணை இல்லையேல் என்ன ஆகும் என ஐந்தே கட்டங்கள். காலையில் எழுப்பி உட்காரவைப்பது முதல், இரவில் இருமுறை புரட்டிப் படுக்கவைப்பது வரை எல்லாம் அதில் ஏறின. கூட்டிப் பார்த்தபோது, நாளொன்றுக்கு நான்கு மணி நேரத்துக்குக் குறையாமல் பிறர் கை அவனுக்கு வேண்டியிருந்தது. ‘தானே சாப்பிடுவான், தானே உடுத்துவான்’ என்ற இரண்டு வரிக்குள் மறைந்து கிடந்தவை அந்த நான்கு மணி நேரம்!

அந்த நேரம் யாருடையது? தாயினுடையது, பாட்டியினுடையது, ஒன்பது வயதுத் தங்கையினுடையது. ஏழு நாள் ஏட்டில் ஆணின் பெயர் இரண்டே முறை வந்தது. தாய் தறிக்குச் செல்லும் நாட்களைப் பாதியாக்கிக்கொண்டார். தங்கை முதல் மணி அடித்த பின்னரே பள்ளிக்கு வருகிறாள். அடுப்படியிலிருந்து பெண்ணை விடுவிக்க வேண்டும் என்றார் பெரியார். நோயாளியின் கட்டிலருகிலும் குழந்தையின் நாற்காலியருகிலும் கூலியின்றிக் கட்டுண்டு கிடக்கும் பெண்ணை எவர் விடுவிப்பது? நாளை அளக்காத அளவுகோல், மாற்றுத்திறனாளிக்கு மட்டும் அநீதி இழைக்கவில்லை. அவரைத் தாங்கும் பெண்ணின் உழைப்பையும் கணக்கிலிருந்து துடைத்துவிடுகிறது.

இதற்கெல்லாம் புதுச் சட்டம் வேண்டுமோ என்று மலைக்க வேண்டா. 2016ஆம் ஆண்டுச் சட்டத்திலேயே வழி இருக்கிறது. அன்றாடச் செயல்களுக்குத் தீவிரத் துணை வேண்டியவர் ‘மிகுதுணை’ கோரி விண்ணப்பிக்கலாம்; மதிப்பீட்டுக் குழு ஒன்று தேவையையும் அதன் தன்மையையும் ஆராய்ந்து அறிக்கை தர வேண்டும் என்கிறது அதன் 38ஆம் பிரிவு. அத்தகையோருக்குப் பராமரிப்பாளர் படி வழங்குவதைப் பற்றி 24ஆம் பிரிவு பேசுகிறது. ஆனால் அந்தக் கதவைத் தட்டவும் முதலில் 40ஐக் கடந்திருக்க வேண்டும். கதவு இருப்பதையோ பலர் அறியார்.

நீதிமன்றமும் திசையைக் காட்டிவிட்டது. 2021 பிப்ரவரியில், எழுதும்போது கை இழுத்துக்கொள்ளும் தேர்வர் ஒருவருக்கு, 40 என்னும் கோட்டைத் தொடவில்லை என்பதற்காக எழுத்தர் துணையை மறுக்கலாகாது என்றது உச்சநீதிமன்றம். 2024 அக்டோபரில், மருத்துவக் கல்வி நாடிய மாணவர் ஒருவரின் வழக்கில், எண்ணை மட்டும் காட்டி எவரையும் வெளியே நிறுத்தலாகாது, படிப்பை அவரால் தொடர முடியுமா என்பதையே குழு ஆராய்ந்து காரணத்தோடு சொல்ல வேண்டும் என்று அதே மன்றம் தீர்ப்பளித்தது. அத்தீர்ப்பை எழுதிய நீதியரசர் கே. வி. விசுவநாதன், கோவைச் சட்டக் கல்லூரியில் பயின்றவர் என்பது நமக்குத் தனி மகிழ்ச்சி.

“நாளைக் கேட்டால் ஆளாளுக்குப் பொய் சொல்வார்களே! ஏய்ப்பவர்கள் பெருகிவிட மாட்டார்களா?” என்று கேட்போர் உளர். ஏய்ப்பவன் எண்ணிலும் ஏய்ப்பான். போலிச் சான்றிதழ் நாட்டுக்குப் புதிதா? ஒரு வார நாளேட்டைப் போலியாய்ப் புனைவது ஒரு முத்திரையைப் போலியாய்க் குத்துவதைவிடக் கடினம். பக்கத்து வீட்டாருக்குத் தெரியும், ஆசிரியருக்குத் தெரியும், ஊருக்குத் தெரியும். நாம் கண்டவரை, எளியோர் மிகைப்படுத்துவதைவிட மறைப்பதே அதிகம்.

“பணம் எங்கே?” என்பது அடுத்த வினா. மாற்றுத்திறனாளிகளின் மாத ஓய்வூதியத்தை 2023 சனவரியில் 1,000 ரூபாயிலிருந்து 1,500 ஆக உயர்த்தியது தமிழ்நாட்டரசு; மகிழ்ந்தோம். ஆனால் தேவை எப்போதும் பணமாகவே இருப்பதில்லை. நம் நாளேட்டைப் படித்துப் பார்த்தால், கழிப்பறைச் சுவரில் ஓர் இரும்புக் கைப்பிடியும், பள்ளியில் இருவேளை துணைக்கு ஓர் ஆளும், நிமிர்ந்து உட்கார ஒரு சரியான நாற்காலியும் அந்த நான்கு மணியில் பெரும்பகுதியை மிச்சப்படுத்தும் எனத் தெரிகிறது. எங்கே வலிக்கிறது என்று தெரியாமல் பூசும் மருந்தே வீண்செலவு.

எனவே நாம் கேட்பது இவை. மருத்துவர் குறையைக் கண்டறியட்டும். அது அவர் கலை. துணையின் அளவை முடிவு செய்யும்போது மட்டும், சிகிச்சைப் பயிற்சியாளரும், சிறப்பாசிரியரும், மாற்றுத்திறனாளி ஒருவரும் உடனிருக்கட்டும். இயலும் இடத்தில் வீட்டுக்கே சென்று பார்க்கட்டும். முதற்கேள்வி பெற்றோரிடம் அன்று, உரியவரிடமே கேட்கப்படட்டும்; பேச்சு வராதவருக்குப் படமும் சைகையும் துணை நிற்கட்டும். ‘முடியும்’ என்ற விடை உதவியை வெட்டும் கத்தியாகாதிருக்கட்டும். உள்ளாட்சி மன்றங்களில் மாற்றுத்திறனாளிகளை நியமன உறுப்பினராக்கும் சட்டத்திருத்தங்களை 2025 ஏப்ரலில் தமிழ்நாடு சட்டமன்றம் நிறைவேற்றிற்று. ஊரின் படிகளையும் பாதைகளையும் கழிப்பறைகளையும் அளக்கும் பணிக்கு அவர்களைவிடத் தக்கவர் யார்?

அரசு செய்யும்வரை நாம் கைகட்டி நிற்க வேண்டியதில்லை. எழுதப் படிக்கத் தெரிந்த ஒவ்வொருவரும், சிறப்பாக ஆசிரியத் தோழர்கள், தம் தெருவில் ஒருவருக்கேனும் ஒரு நாளேடு எழுதிக் கொடுக்கலாம். ஒரு நோட்டு, ஒரு பேனா, ஒரு வாரம். வேறு மூலதனம் வேண்டா. நெற்றியில் எழுதியது என்று சொல்லிச் சொல்லியே ஏய்க்கப்பட்ட மக்கள் நாம். இனி நோட்டில் எழுதியதைக் காட்டிக் கேட்போம். இரந்து அன்று, கணக்குக் காட்டி, தலை நிமிர்ந்து, உரிமையோடு கேட்போம்!